ஜவரய்யாவின் இரண்டாவது லாட்

மாகனஹள்ளி அரசாங்கப் பட்டுக்கூட்டுச் சந்தைக்கு மாடி கட்டியதே கம்ப்யூட்டரை உட்கார வைக்கத்தான். கீழே தகரக் கூரை ஒழுகும். கூடு கொண்டுவருகிற விவசாயி நனைவான், கூடும் நனையும், அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. மேலே இருப்பதற்குக் குளிர்ந்த காற்று, கண்ணாடிக் கதவு, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று ஒரு பலகை. அதற்குச் சத்யதாரா என்று பேர் வைத்திருந்தார்கள். திறப்பு விழாவன்று பூசணிக்காய் உடைத்து, கம்ப்யூட்டரின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். "மனுஷன் பொய் சொல்லுவான், இது சொல்லாது" என்று சந்தை அதிகாரி திப்பேருத்ரப்பா மைக்கில் முழங்கினார். முன்வரிசை கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சம்பளக்காரர்கள்.

பழைய ஏற்பாட்டில் ஒரு குமாஸ்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சீட்டைப் பார்த்து விவசாயியின் பேரைக் கூவுவார், ஏலம் தொடங்கும். அவர் அவசரத்தில் பாதிப் பேரை விழுங்கிவிடுகிறார் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். மேலிடம் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி எங்கெங்கோ போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது. இனிமேல் எந்தப் பேரையும் முழுசாகப் படிக்கக் கூடாது, எழுத்து எழுத்தாகத்தான் படிக்க வேண்டும் என்று முடிவானது. வாசலில் பதிகிற விவரமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒரு கோப்பாகச் சேரும். அது வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே பக்கமாக ஓடிவரும். சத்யதாரா ஓர் எழுத்தை எடுக்கும், பார்க்கும், வைக்கும், அடுத்ததை எடுக்கும். எழுத்து சேர்ந்து பேராகி, பலகையில் லாட்டாக எரியும். ஒரு விவசாயி கொண்டுவந்து கொட்டுகிற கூட்டுக் குவியலுக்கு அங்கே லாட் என்று பேர். நூல் எடுக்கிற சாயபுமார்கள் பலகையைப் பார்த்துச் செல்போனில் விலை கேட்பார்கள். "எழுத்து எழுத்தாக உண்மை" என்று சுவரில் நீலச் சாயத்தில் எழுதி வைத்திருந்தார்கள். உண்மையைச் சுவரில் எழுதி வைக்கிற இடத்துக்குள் ஜாக்கிரதையாகக் கால் வைக்க வேண்டும் என்பது ஜவரய்யாவின் கட்சி. அவரை யார் கேட்டார்கள்.

ஜவரய்யா சிக்கதொட்டிக்காரர், கவுடர். அவருக்கு முந்தின இரண்டு புழு வளர்ப்பும் போய்விட்டன. ஒன்றை ஊசி ஈ தின்றது. இன்னொன்றில் பால்நோய் விழுந்து, புழுவெல்லாம் ஊதி உடைந்து நாறியது. இந்தத் தடவை அவரும் பெண்டாட்டி புட்டதாயம்மாவும் புழுவோடு புழுவாக ஒரே கொட்டகையில் கிடந்தார்கள். மல்பெரி இலையை ஈரம் துடைத்துத் துடைத்துப் போட்டார்கள். மகள் வந்தபோதுகூட வாசலில் நிறுத்திக் கால் கழுவச் சொன்னதில், அவள் கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள். கூடு நன்றாக விழுந்தது. வெள்ளை வெளேரென்று, காதருகில் ஆட்டினால் உள்ளே கடகடவென்று கேட்டது. இது நல்லபடி விற்றால் அடுத்த வளர்ப்புக்கு முட்டை வாங்கலாம். இதுவும் போனால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெங்களூரில் ஏதாவது அபார்ட்மெண்ட் வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கூட்டுக்குள் இருப்பது உயிர். அது அரசாங்கத்துக்காகக் காத்திருக்காது. காலத்தோடு விற்று, ஆவியில் வைத்து அடக்காவிட்டால், பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் நூல் வராது. அது குப்பை.

சந்தைக்கு வருகிற வழியில் டெம்போவின் டயர் வெடித்தது. வாசலை இழுத்துச் சாத்தப் போகிற சமயத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். அன்றைய கடைசி லாட் அவர்களுடையது.

பலகையில் பேர்கள் ஓடின. கடைசியாக "ஜவரய்யா, சிக்கதொட்டி" என்று வந்தது. அதன் கீழே இன்னொரு முறை "ஜவரய்யா, சிக்கதொட்டி" என்று வந்தது. ஒரே பேர் இரண்டு தடவை வந்தால் அடிக்கிற மணி மாடியில் அடித்தது.

திப்பேருத்ரப்பா படி இறங்கி வந்தார். வயிறு முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

"ஜவரய்யா யாரு?"

"நான்தான் சாமி."

"இன்னொரு லாட் எங்க?"

"இது ஒண்ணுதான் சாமி."

"ரெண்டு வந்திருக்கு."

ஜவரய்யா திரும்பித் தன் குவியலைப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. அதிகாரி சொன்னதற்காக மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். அப்போதும் ஒன்றுதான் இருந்தது.

"கைதவறி ரெண்டு தடவை விழுந்திருக்கும் சாமி. ஒண்ணை அடிச்சிடுங்க."

"எதை அடிக்க?"

"ரெண்டாவதை."

"ரெண்டாவதுதான் பொய்னு நீ எப்படிச் சொல்றே? மொதலாவது பொய்யா இருந்தா? நான் நெஜத்தை அடிச்சிட்டு பொய்யை வெச்சுக்கிட்டா என் வேலை என்னாகும்?"

ஜவரய்யா பலகையை அண்ணாந்து பார்த்தார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

திப்பேருத்ரப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தனியாளிடம் பேசினால் அவருக்குக் குரல் எடுக்காது. "பாருங்க, சந்தைக்குள்ள ரெண்டு லாட் வந்திருக்கு. கண்ணு முன்னால ஒண்ணு இருக்கு. அப்ப இன்னொண்ணு? வெளியில தனியாருக்குத் திருட்டுத்தனமா வித்தாச்சு. அரசாங்கச் சந்தைக்கு வெளியில கூடு விக்கிறது குத்தம். வாங்கினவன் பேரைச் சொல்லட்டும், இல்ல அந்த லாட்டைக் கொண்டாரட்டும். அதுவரைக்கும் இது சாட்சிப் பொருள்."

"இல்லாத லாட்டை எங்க போய்க் கொண்டாறது சாமி?"

"அது உன் வீட்டு விவகாரம்."

புட்டதாயம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சாமி, காகிதத்துல வேணும்னா அவரை ரெண்டா வெச்சுக்குங்க, மூணா வெச்சுக்குங்க. எனக்கு ஒண்ணே தாங்கல. இந்தக் கூட்டை மட்டும் வித்துக் குடுத்துடுங்க."

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. இரண்டு இன்ஸ்பெக்டர்கள் வந்து பலகையில் இருந்த இரண்டு பேரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். எந்த வித்தியாசமும் இல்லை, இவ்வளவு ஒற்றுமை திட்டம் போடாமல் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வந்த பேரைத் திருப்பிக் கோப்புக்குள்ளேயே தள்ளிவிட முடியாதா என்று ஜவரய்யா கேட்டார். விதியில் அதற்கு இடம் இருந்தது. சத்யதாரா எடுத்ததில் ஓர் எழுத்தைத் திருப்பிப் போடலாம். ஒரே ஒரு எழுத்து. முழுப் பேரைத் திருப்பிப் போட வேண்டுமானால் பெங்களூர் உத்தரவு வேண்டும், அப்படி ஓர் உத்தரவு இதுவரை வந்ததில்லை.

கூட்டை மூட்டை கட்டி, கோணிப்பை போட்டுவைக்கிற அறையில் தள்ளி, மூட்டைக்கும் கதவுக்கும் அரக்கு வைத்தார்கள். கதவில் சாக்கட்டியால் "சாட்சி அறை" என்று எழுதினார்கள்.

இம்தியாஸ் என்று ஒரு நூல்காரர். ஊருக்குள் கூடு வேக வைத்து நூல் எடுக்கிற கொப்பரை வைத்திருந்தார். அவர் ஜவரய்யாவின் குவியலை ஏலத்துக்கு முன்பே கையில் அள்ளிப் பார்த்துவிட்டுப் போனவர். சாயங்காலம் டீக்கடையில் ஜவரய்யாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கவுட்ரே, கூடுன்னா அது கூடு. அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது. என் கொப்பரையில வெறும் தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கு."

"எடுத்துக்கயேன் சாபரே."

"எடுத்தா லைசென்ஸ் போயிடும். திருட்டு மாலு வாங்கினவன்னு என்னையும் உங்க பக்கத்துல கட்டிப் போடுவான். ஒண்ணு பண்ணலாம். அவிச்சுக் குடுக்கறேன். அவிச்சுக் காய வெச்சா உள்ள புழு செத்துரும், மாசக்கணக்குல கெடாது. கேஸ் முடியறப்ப முடியட்டும். எனக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம்."

இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்குப் போனார்கள். திப்பேருத்ரப்பா கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாட்சியை அவிக்கணுமா?"

"கெட்டுப் போயிடும் சாமி. பூச்சி வந்துரும்."

"கோர்ட்டுல நாளைக்கு என்னைக் கேப்பான், சாட்சி எங்கேன்னு. அவிச்சுட்டேன்னு சொல்லவா? நீ என்ன, சாயபு, படிச்சவன் மாதிரி இருக்கே. சாட்சியை உயிரோட வெச்சிருக்கணும். அதுதான் சட்டம்."

இம்தியாஸ் படி இறங்கினார். கீழே வந்து செருப்பைத் தேடினார். அதில் ஒன்று இல்லை. "இங்க எனக்கு ஒண்ணு குறையுது, உங்களுக்கு ஒண்ணு அதிகமாகுது" என்றார்.

அடுத்த நாளும் மணி அடித்தது. அன்றைக்குக் கடைசியாக வந்தவர் சௌடப்பா. அவர் பேர் இரண்டு தடவை வந்தது. சௌடப்பா வாய்க்காரர். "உன் அம்மாவை ரெண்டாப் பாத்தியா" என்று ஆரம்பித்தார். அவருடைய பட்டு பாஸ்புக் மாடிக்குப் போயிற்று. பாஸ்புக் இல்லாமல் எந்தச் சந்தையிலும் கூடு விற்க முடியாது. சௌடப்பா வாயை மூடிக்கொண்டார். சாட்சி அறையில் இரண்டாவது மூட்டை விழுந்தது.

அதற்கடுத்த நாளும் ஒரு திருடன் அகப்பட்டான். அதற்கடுத்த நாளும். தவறாமல் நாளுக்கு ஒருவன். பேப்பர்க்காரர்கள் வந்தார்கள். திப்பேருத்ரப்பா அவர்களுக்குக் காப்பி கொடுத்துப் பேசினார். அவருக்கு அன்றைக்கு நல்ல நாள்.

"முப்பது வருஷம் இந்தச் சந்தை நடந்திருக்கு. ஒரு திருடனைப் பிடிச்சதில்ல. ஏன்? திருடன் இல்லையா? இருந்தான். கண்ணு இல்ல. இப்ப கண்ணு வந்திருக்கு. இன்னொண்ணு கவனிச்சேன். அகப்படறவன் எல்லாம் கடைசியா வர்றவன். மொதல்ல வர்றவன்ல ஒரு திருடன் கிடையாது. நடுவுல வர்றவன்ல கிடையாது. மனசுல கள்ளம் இருக்கிறவனுக்குக் கால் தானாவே பின்வாங்கும். இதை நான் ஒரு கட்டுரையா எழுதிட்டிருக்கேன்."

கட்டுரை வந்ததோ இல்லையோ, விவசாயிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடைசியில் வரக் கூடாது. ஆனால் எத்தனை சீக்கிரம் வந்தாலும் யாராவது ஒருவன் கடைசியில் வந்துதானே ஆக வேண்டும். கதவடியில் தள்ளுமுள்ளு. மச்சானை மச்சான் தள்ளினான். ஒருவன் தன் மாமனாரைப் பின்னால் நிறுத்திவிட்டு ஓடினான். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

சௌடப்பாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். வாசலில் பேர் பதிகிறவனைக் கையில் போட்டுக்கொண்டு, கடைசி லாட்டாகத் தன் ஊர் மாரம்மாவின் பேரில் ஒரு கூடை சொத்தைக் கூட்டைப் பதிய வைத்தார். தேருக்கு முன்னால் பூசணிக்காய் வைப்பதில்லையா, அந்த மாதிரி. அன்றைக்குப் பலகையில் "மாரம்மா, கல்லுதேவனஹள்ளி" என்று இரண்டு தடவை வந்தது. மணி அடித்தது. விவசாயிகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சத்யதாரா வந்தபிறகு சந்தை ஒழுங்காக நடந்த நாள் அது ஒன்றுதான். அரசாங்கக் குறிப்பில் அது மிகப் பெரிய குற்றம் நடந்த நாளாக ஏறியது. மாரம்மாவுக்கு நோட்டீஸ் போயிற்று. இரண்டாவது மாரம்மாவை ஆஜர்படுத்த வேண்டும் என்று கேட்டிருந்தது. பூசாரி வந்து, எங்கள் ஊரில் ஒரே மாரம்மாதான், ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பது அவள் தங்கை, அவளுக்கும் கூடு வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். பாஸ்புக் இல்லாத தெய்வங்களின் பேரில் இனி லாட் பதியக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.

ஜவரய்யா இந்த நாளெல்லாம் சந்தையிலேயே கிடந்தார். புட்டதாயம்மா ஊரிலிருந்து ராகிக் களியும் சாறும் தூக்குவாளியில் கொண்டுவருவாள். அவர் சாட்சி அறைக் கதவில் காதை வைத்துக் கேட்பார். ஒன்றும் கேட்காது. அப்பாடா என்று இருக்கும். மறுபடி கொஞ்ச நேரம் கழித்துப் போய்க் காதை வைப்பார்.

"சும்மா சும்மா போய்க் கேக்காத" என்றாள் அவள். "நீ கேக்கறேன்னே அதுங்க முழிச்சுக்கும்."

நாளுக்கு ஒரு திருடன் என்ற செய்தி பெங்களூருக்குப் போனதில், மேலிடத்திலிருந்து ஸர்வமங்களா மேடம் நேரிலேயே வந்துவிட்டார். இணை இயக்குநர். பட்டுப்புடவை கட்டியிருந்தார். கூடவே ஹெப்பார் என்று ஓர் ஒல்லியான பிள்ளை, முதுகில் பை. சத்யதாராவை எழுதின கம்பெனிக்காரன்.

விவசாயிகளை மாடி வராந்தாவில் நிறுத்தினார்கள். கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. கதவு திறந்திருந்ததால் பேச்சும் கேட்டது. ஹெப்பார் உட்கார்ந்து எதையோ தட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் சிரித்தான்.

"ஓ, இதுவா."

"எது?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல மேடம். சட்டியில இருந்து அகப்பையால பரிமாறுறோம்னு வெச்சுக்கங்க. சட்டி காலியான விஷயம் அகப்பைக்கு எப்படித் தெரியும்? உள்ள விட்டுப் பாத்தாத்தான் தெரியும். நம்ம புரோகிராம் எழுத்து எழுத்தா எடுக்குது. கடைசி எழுத்தை எடுத்த உடனே கோப்பு முடிஞ்சுதுன்னு அதுக்குத் தெரியாது. இன்னொரு தடவை கையை விடும். ஒண்ணும் வராது. வந்துதா இல்லையான்னு பாக்காம, அகப்பையில ஒட்டிக்கிட்டு இருக்கிற பழைய பேரையே இலையில தட்டிடுது. அதனால கடைசி ஆள் ரெண்டு தடவை வர்றாரு. எந்த ஊர்ல எந்தக் கோப்பு குடுத்தாலும் கடைசி ஆள் ரெண்டு தடவைதான் வருவாரு."

 வராந்தாவிலிருந்து புட்டதாயம்மா, "வீட்டுல பரிமாறிப் பழகின ஒருத்தியையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுதியிருக்கலாம்" என்றாள்.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் மேடம்.

"இந்தக் காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும் மேடம். ஒரு வரிதான்."

ஜவரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கீழே போகத் திரும்பினார்.  

"ஆனா பண்ண முடியாது மேடம்" என்றான் ஹெப்பார்.

"ஏன்?"

"எங்க டெண்டர்ல எழுத்துகளைப் படிக்கணும்னு இருக்கு. படிக்குது. முடிஞ்சா நிறுத்தணும்னு எங்கயும் இல்ல. நிறுத்தறதுக்குத் தனி டெண்டர் விடணும். நான் கையை வெச்சா எங்க ஆபீஸ்ல என்னை வெச்சுக்க மாட்டாங்க."

திப்பேருத்ரப்பா தொண்டையைச் செருமினார். "மேடம், அதுவும் இல்லாம, இன்னிக்குச் சரி பண்ணிட்டோம்னா நேத்துப் பிடிச்சவங்க எல்லாம் யாரு? அவங்க திருடங்க இல்லைன்னா, நாம யாரு?"

மேடம் காப்பியைக் கீழே வைத்தார். யோசித்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்கு வந்து, விவசாயிகளைப் பார்த்துக் கை கூப்பினார்.

"அண்ணன்மாரே, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நானும் விவசாயி பேத்திதான். ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. தப்பு மெஷின்ல இருக்குன்னு சொன்னா அது துறைக்கு அவமானம். தப்பு ஜனங்ககிட்ட இருக்குன்னு சொன்னா அது துறையோட சாதனை. நாங்க சாதிக்கிறதுக்குத்தானே நீங்க வரி கட்டறீங்க? ரெண்டுல எதை நான் மேல எழுத முடியும், நீங்களே சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"நான் வந்த அன்னிக்காவது திருட்டு இல்லாத ஒரு பட்டியலைப் பாத்துட்டுப் போகணும்" என்று திப்பேருத்ரப்பாவிடம் சொன்னார். "இன்னிக்கு மாட்டினவனை எடுத்துட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்க."

அன்றைக்குக் கடைசியில் வந்தவனைக் கோப்பிலிருந்து எடுத்தார்கள். சத்யதாரா முதலிலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்தது. இப்போது கடைசியாக இருந்தவன் அவனுக்கு முன்னால் வந்தவன். அவன் பேர் இரண்டு தடவை வந்தது. மணி அடித்தது.

"இவனும் திருடனா?" என்றார் மேடம்.

"கூட்டாளி, மேடம்" என்றார் திப்பேருத்ரப்பா. "பக்கத்துப் பக்கத்துல நின்னாங்க."

அவனையும் எடுத்தார்கள். மறுபடி படித்தது. அவனுக்கு முன்னால் நின்றவன் அகப்பட்டான். திப்பேருத்ரப்பாவின் முகம் வேர்த்து மின்னியது. இது ஒரு கும்பல், சங்கிலி மாதிரி போகிறது, இழுக்க இழுக்க வருகிறது என்றார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு மூட்டை சாட்சி அறைக்குப் போயிற்று. மூட்டை தூக்குகிறவர்கள் இடம் இல்லை என்று மேலே மேலே அடுக்கினார்கள். ஹெப்பார் நகத்தைக் கடித்துக்கொண்டு, "இப்படியே போனா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க சார்" என்று மெதுவாகச் சொன்னான். "அவ்வளவு பேரும் திருடங்கன்னு நான் சொல்லலப்பா, உன் மெஷின்தான் சொல்லுது" என்றார் திப்பேருத்ரப்பா.

விடிவதற்கு முன்னால் வந்து முதல் ஆளாக நின்ற கிழவன் ஒருவன் இருந்தான். அவனும் இரண்டு தடவை வந்தான். மணி அடித்தது. சந்தை காலியாகிவிட்டது.

கோப்பில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் முறை முறைதான் என்று இன்னொரு தடவை படிக்க வைத்தார்கள். சத்யதாரா காலிச் சட்டிக்குள் கையை விட்டது. அகப்பையில் எது ஒட்டியிருந்ததோ அதை எடுத்துத் தட்டியது. ஒவ்வொரு தடவை படிக்க வைக்கும்போதும் அதிகாரி தன் பேரை அடித்துத்தான் மெஷினைத் திறப்பார். பலகையில் "திப்பேருத்ரப்பா, மாகனஹள்ளி" என்று ஒரு லாட் எரிந்தது. ஒரே ஒரு தடவை. மணி அடிக்கவில்லை.

திப்பேருத்ரப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இத்தனை பேர்ல ஒரே ஒரு நேர்மையான லாட்" என்றார் மேடம்.  "ஏலம் ஆரம்பிங்க."

கீழே இம்தியாஸ் தலையைச் சொறிந்தார். "மேடம், கூடு எங்க இருக்கு?"

"பலகையில இருக்கு பாருங்க. கேளுங்க விலையை."

விலை கேட்காத நூல்காரனுக்கு லைசென்ஸ் புதுப்பிப்பதில்லை என்பது எல்லா சாயபுமார்களுக்கும் தெரியும். காலையிலிருந்து ஒரு லாட்கூட வராமல் அவர்களும் கடுப்பில் இருந்தார்கள். ஒருவர் கேட்டார். இன்னொருவர் மேலே கேட்டார். விலை ஏறியது. மாகனஹள்ளிச் சந்தை பார்க்காத விலைக்கு ஏறி, இம்தியாஸின் பேரில் விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். அப்புறம் எடை போட்டார்கள். தராசு பூஜ்யம் காட்டியது. விலை எவ்வளவு உசந்தாலும் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தான், ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை, இதுதான் நேர்மையான வியாபாரத்தின் அழகு என்று மேடம் விளக்கினார். சாதனை விலைக்காக இம்தியாஸுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அவர் அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு கொப்பரையை அணைக்கப் போனார்.

மேடத்தின் கார் கிளம்பிப் போன பிறகுதான் ஜவரய்யா கீழே வந்து சாட்சி அறைக் கதவில் காதை வைத்தார். உள்ளே தூறல் போடுகிற மாதிரி சத்தம் கேட்டது. வெளியே மழை இல்லை.

அவர் அங்கேயே குந்தினார். புட்டதாயம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் காதை வைத்தாள்.

இன்ஸ்பெக்டர்கள் அரக்கை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். ஜவரய்யாவின் மூட்டை அடியில் இருந்தது, அதுதான் முதலில் வந்தது. மூட்டையின் கோணி முழுக்க வெள்ளைப் பூச்சி. பறக்கத் தெரியாத ஜாதி. சிறகை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கோணியில், சுவரில், அரக்கு முத்திரையின் மேலே எல்லாம் மஞ்சள் மஞ்சளாக முட்டை இட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கேஸ் தெரியாது.

திப்பேருத்ரப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார்.

"முட்டை இடுது."

"ஆமா சாமி."

"முட்டை எடுக்க லைசென்ஸ் வெச்சிருக்கியா?"

ஜவரய்யா அவரைப் பார்த்தார்.

"லைசென்ஸ் இல்லாம பட்டுப்புழு முட்டை உற்பத்தி பண்றது பெரிய குத்தம் கவுடா. கூட்டைத் திருடறதைவிடப் பெருசு. அதுவும் அரசாங்கக் கட்டடத்துல வெச்சு."

"நான் பண்ணலை சாமி. பூச்சி பண்ணுது."

"பூச்சி யாருது?"

புட்டதாயம்மா அங்கே இருந்த கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் முந்தானையில் ஏறின ஒரு பூச்சியை எடுத்துக் கீழே விட்டாள்.

திப்பேருத்ரப்பாவுக்கும் அலுத்துவிட்டது. நாற்றம் வேறு. மற்ற மூட்டைகளும் இன்றைக்கோ நாளைக்கோ படபடக்கப் போகிறவைதான், அத்தனைக்கும் அவர் அறிக்கை எழுத வேண்டும். அவர் ஜவரய்யாவைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டார். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"முட்டைக் கேஸை நான் எழுதலை. என்ன? நானும் பிள்ளைகுட்டிக்காரன். ஆனா பழைய கேஸ் அப்படியே நிக்குது. ரெண்டு லாட்டுன்னு ஏறினது ரெண்டாத்தான் வெளிய போகணும். ஒண்ணா வெளிய விட்டா என் தலை போயிடும்."

"ரெண்டுக்கு நான் எங்க போவேன் சாமி?"

"துளை விழுந்த கூட்டுக்கு எடை பாக்கற விதி கிடையாது" என்றார் திப்பேருத்ரப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "அது குப்பை. குப்பைக்கு மூட்டைக் கணக்குதான்." சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஜவரய்யாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புட்டதாயம்மாவுக்கு உடனே விளங்கியது. அவள் மூலையில் கிடந்த ஒரு காலிக் கோணியை உதறினாள். மூட்டையைப் பிரித்து, பூச்சியை ஒதுக்கி ஒதுக்கி, கூட்டை இரண்டு கையாலும் அள்ளி அதில் போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை இருந்தது. முன்பு காதருகில் ஆட்டினால் கடகடவென்று கேட்ட கூடுகள். இப்போது காகிதம் மாதிரிச் சத்தமே இல்லாமல் விழுந்தன. ஜவரய்யாவும் உட்கார்ந்து அள்ளினார். பாதிக்குப் பாதி சரியாக இருக்க வேண்டும் என்று அவள் ஒரு தடவை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள், மறுபடி இந்தப் பக்கம் போட்டாள். பாகம் பிரிக்கிற மாதிரி.

இரண்டு மூட்டையையும் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். திப்பேருத்ரப்பா இறங்கி வந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. அங்கே நின்ற இன்ஸ்பெக்டர்களை, வாசல்காரனை, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களை எல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வந்துடுச்சு பாருங்க. நான் அன்னிக்கே சொன்னேன். மெஷின் பொய் சொல்லாது. மனுஷன்தான் மறைப்பான். ஏன் கவுடா, மொதல் நாளே ரெண்டுன்னு ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"வந்திருக்காது சாமி" என்றார் ஜவரய்யா.

இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்தார். "எத்தனை லாட்டு?"

ஜவரய்யா மூட்டைகளைப் பார்த்தார்.

"ரெண்டு சாமி."

கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசலைத் திறந்துவிட்டார்கள். புட்டதாயம்மா தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு, ஒன்றை நான் தூக்குகிறேன் என்று குனிந்தாள். ஜவரய்யா அதற்குள் இரண்டு மூட்டையின் வாயையும் சேர்த்துப் பிடித்து ஒரே கையில் தூக்கிவிட்டார்.

"வேணாம், வா" என்றார். "கனமே இல்ல."